குற்றமில்லாதவரின் கடன்

கல்லறைத் திருநாளை ஒட்டித் திருப்பலிக் கருத்துகளைப் பதிவு செய்ய வருவோரின் வரிசையில், ஆண்டுதோறும் ஒருவர் கடைசி ஆளாக வந்து நிற்பார். நாற்பதைக் கடந்தவர், முன்பு லாரி ஓட்டியவர். ஒரு சிறுமியின் பெயரைச் சொல்லுவார். அவருடைய குடும்பத்தில் அப்பெயருடையவர் எவரும் இல்லை. ஒப்புக்கொடுப்பவரின் பெயரைக் கேட்டால், "அது வேண்டாம் சாமி, பிள்ளை பேரை மட்டும் வாசிங்க" என்பார்.

அவருடைய கதையை ஊரே அறியும்; அவருடைய இசைவும் நமக்கு உண்டு. ஆகவே இதை எழுதுவதால் எவருடைய மறைபொருளையும் வெளியிட்டவராக மாட்டோம். நின்றிருந்த பேருந்தின் பின்புறமிருந்து சாலைக்குள் திடீரென ஓடிவந்த குழந்தை அது. அவர் குடித்திருக்கவில்லை, விரைந்தும் வரவில்லை, பிரேக்கை மிதித்த தடம் தார்ச்சாலையில் நீளமாகப் பதிந்திருந்தது. நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவர்மேல் பிழையில்லை என்று குழந்தையின் தந்தையே சாட்சி சொன்னார். எனினும் அன்றுமுதல் அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அரிசி ஆலையில் மூட்டை சுமக்கிறார்.

ஓராண்டு, வரிசை கலைந்தபின் திண்ணையோரம் தயங்கி நின்று அவர் கேட்டார்: "சாமி, இது பாவமில்லைன்னு நீங்களும் சொல்றீங்க, கோர்ட்டும் சொல்லிடுச்சு. பாவமில்லைன்னா, அப்ப இது என்ன சாமி?" 'இது' என்றபோது அவர் கை நெஞ்சின்மேல் இருந்தது.

குருமடத்தில் கற்ற அறநெறி இறையியலை நாம் எடுத்து வைத்தோம். அறிவும் சம்மதமும் இல்லாத செயல் பாவமாகாது. நோக்கமும் இல்லை, கவனக்குறைவும் இல்லை. ஆகவே மனச்சான்றை வீணாக வருத்திக்கொள்வது ஆன்மாவுக்கு நலமன்று என்றெல்லாம் விளக்கினோம். "மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க, சமாதானமாப் போங்க" என்றும் சொன்னோம். "சரிங்க சாமி" என்று போய்விட்டார். தன் நோய்க்கு உரியதல்லாத மருந்துச் சீட்டை, மரியாதையின் பொருட்டு வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகும் நோயாளியைப் போல இருந்தது அவர் போன விதம். நாம் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அவர் கேட்டதற்கு அது விடையும் இல்லை.

அக்கேள்விக்கு விடையின் சாயலை நாம் கண்டது, சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில்: மோட்டார்ப் பந்தயக்காரர் ஒருவரின் வாழ்க்கையில். அமெரிக்காவில் பணிபுரியும் நம் பங்கைச் சார்ந்த இளைஞர் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தபோது, அந்நாட்டு நெடுஞ்சாலைகள் கிளை பிரியும் இடங்களில் வரிசை வரிசையாக நிற்கும் மஞ்சள் நிறப் பீப்பாய்களைப் பற்றிக் கூறினார். தடம் மாறி வரும் கார் கான்கிரீட் சுவரில் மோதி நொறுங்காமல் அவை காக்கின்றனவாம். அவற்றைச் செய்தவர் ஒரு பந்தய வீரர் என்றும், அவர் பெயராலேயே அவை 'ஃபிட்ச் தடுப்பு' என வழங்கப்படுகின்றன என்றும் சொன்னார். பந்தய வீரருக்கும் பாதுகாப்புத் தடுப்புக்கும் என்ன உறவு என்னும் வியப்பில் அப்பெயரைப் பின்தொடர்ந்தோம்.

ஜான் ஃபிட்ச் 1917-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்தார். ஆண்டுதோறும் 500 மைல் பந்தயம் நடைபெறும் நகரம் அது. கார்களின் ஓசை அவருக்குத் தாலாட்டாகவே இருந்திருக்கும். 1941-இல் விமானப்படையில் சேர்ந்து, முதலில் வட ஆப்பிரிக்காவில் குண்டுவீச்சு விமானத்தையும், பின்னர் ஐரோப்பிய வானில் மஸ்டாங் என்னும் போர் விமானத்தையும் செலுத்தினார். ஜெர்மானியரின் புதிய ஜெட் விமானம் ஒன்றை வீழ்த்திய மிகச் சிலருள் அவரும் ஒருவர். 1945 பிப்ரவரியில் ஒரு ரயிலைத் தாக்கும்போது அவரது விமானமே சுடப்பட்டு வீழ, போர் முடியும்வரை கைதியாக இருந்தார். திரும்பி வந்தவர் எலிசபெத் ஹன்ட்லி என்னும் மங்கையை மணந்தார். மூன்று புதல்வர்கள். கனெக்டிகட் மாநிலத்தின் லேக்வில் என்னும் சிற்றூரில் இல்லறம். 2009-இல் அந்த அம்மையார் மறையும்வரை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அந்த இல்லறம் நீடித்தது. அவர் தேர்ந்துகொண்ட தொழிலில் பலருடைய மனைவியர் முப்பது வயதிலேயே கைம்மை எய்தினர் என்பதை நினைக்கும்போது இதன் அருமை புலப்படும்.

போரினின்று மீண்டவர்களில் சிலரால் அமைதியான வாழ்வில் அமர முடிவதில்லை. ஃபிட்ச் பந்தயத்தில் நுழைந்தார். 1951-இல் அர்ஜென்டினாவில் ஒரு பெரும் பந்தயத்தில் வென்றார்; 1953-இல் ஃபுளோரிடாவின் செப்ரிங்கில் 12 மணி நேரப் பந்தயத்தில், துணை ஓட்டுநரோடு சேர்ந்து வாகை சூடினார். 1955-இல் ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் அவரைத் தன் அணியில் சேர்த்துக்கொண்டது. பத்தாண்டுகளுக்கு முன் அந்நாட்டின் விமானங்களை வீழ்த்தியவர், அந்நாட்டின் காரில் அமர்ந்தார். பகைமை மறத்தலைப் பற்றி நாம் செய்த மறையுரைகள் எத்தனையோ. இந்த எடுத்துக்காட்டு அப்போது நமக்குத் தெரிந்திருந்தால் பயன்படுத்தியிருப்போம்.

அவ்வாண்டு ஜூன் 11, சனிக்கிழமை. பிரான்ஸ் நாட்டின் லெ மான் நகரில் 24 மணி நேரப் பந்தயம். மாலை நான்கு மணிக்குத் தொடங்கி மறுநாள் மாலை நான்கு மணிவரை, ஒரு காரை இருவர் மாறி மாறி ஓட்ட வேண்டும். 20-ஆம் எண்ணுடைய மெர்சிடிஸ் காரில் ஃபிட்சின் இணை ஓட்டுநர் பியேர் லெவெக் என்னும் பிரெஞ்சுக்காரர், வயது 49. பார்வையாளர் கூட்டம் இரண்டு இலட்சத்துக்கும் மேல். கார்கள் நின்று எரிபொருள் நிரப்பும் இடம், பாய்ந்தோடும் பாதையினின்று எவ்விதத் தடுப்பாலும் பிரிக்கப்படவில்லை. மறுபுறம் மக்களுக்கும் பாதைக்கும் இடையே நின்றது தாழ்ந்ததொரு மண்மேடு மட்டுமே. அப்பகுதியின் பாதை குறுகலானது என்னும் கவலையை லெவெக் முன்பே தம்மிடம் கூறியிருந்ததாக ஃபிட்ச் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

முதற்சுற்று ஓட்டம் லெவெக்குக்கு. மாலை ஆறரை மணியை நெருங்கும் வேளையில், ஜாகுவார் காரில் முன்னே சென்ற மைக் ஹாதார்ன் எரிபொருள் நிரப்புவதற்காக வேகத்தைக் குறைத்தார். அவர் பின்னால் வந்த லான்ஸ் மேக்ளின் மோதலைத் தவிர்க்கத் தம் காரை இடப்புறம் திருப்பினார். மணிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வேகத்தில் வந்த லெவெக்குக்கு ஒதுங்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. தமக்குப் பின்னால் வந்த உலக வாகையர் ஃபாஞ்சியோவை எச்சரிக்க அவர் கையை உயர்த்தினார் என்றும், அந்தச் சைகையே தம் உயிரைக் காத்தது என்றும் ஃபாஞ்சியோ இறுதிவரை சொல்லிவந்தார். மறுகணம் லெவெக்கின் கார் மேக்ளினின் காரின் பின்புறம் ஏறி, வானில் எழும்பி, மண்மேட்டில் மோதிச் சிதறியது. இயந்திரமும் முன் அச்சும் மூடியும் கூட்டத்தினுள் பாய்ந்தன. காரின் உடல் மக்னீசியக் கலவையால் ஆனது. அணைக்க ஊற்றிய நீரே அத்தீயை வளர்த்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். லெவெக்கும் அவர்களுள் ஒருவர்.

அடுத்து அந்தக் காரில் ஏற வேண்டிய ஃபிட்ச், அந்நேரம் லெவெக்கின் மனைவியோடு நின்றுகொண்டிருந்தார். இறந்தது தம் கணவர்தான் என்பதை எவரும் சொல்லாமலே அந்த அம்மையார் உணர்ந்துகொண்டாராம். ஃபிட்ச் தம் வீட்டாருக்குத் தாம் உயிரோடிருப்பதைத் தெரிவிக்கத் தொலைபேசியைத் தேடிச் சென்றார். அங்கே செய்தியாளர் ஒருவர் இறந்தோர் எண்ணிக்கையைத் தம் நாளிதழுக்குச் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டபோதுதான் நிகழ்ந்ததன் பேரளவு அவருக்குத் தெரியவந்தது.

பந்தயம் நிறுத்தப்படவில்லை. நிறுத்தினால் ஒரே நேரத்தில் கலையும் கூட்டம் சாலைகளை அடைத்து, காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டிகளைத் தடுத்துவிடும் என்று பொறுப்பாளர்கள் காரணம் கூறினர். அதில் உண்மையும் இருந்திருக்கலாம். ஃபிட்ச் தம் அணித்தலைவர்களிடம் சென்று, நாம் விலகிவிட வேண்டும் என்று வற்புறுத்தினார். போர் முடிந்து பத்து ஆண்டுகளே ஆகியிருந்தன. பிரெஞ்சு மண்ணில் இத்தனை பேர் மாண்டு கிடக்கையில், ஒரு ஜெர்மானியக் கார் வெற்றிக்கோட்டைக் கடப்பதா என்பதே அவருடைய கேள்வி. விலகினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாதா, இறந்தவர்களுக்கு அதனால் என்ன நன்மை என்னும் மறுப்பும் எழாமலில்லை. பின்னர் ஸ்டுட்கார்ட்டிலிருந்து அனுமதி வந்தது. முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த கார்களை மெர்சிடிஸ் அணி திரும்ப அழைத்துக்கொண்டது. ஜாகுவார் அணியாரும் விலகுமாறு கேட்கப்பட்டனர்; அவர்கள் மறுத்தனர். ஞாயிறு மாலை ஹாதார்ன் வெற்றி பெற்றார். இறந்தோர்க்கான வழிபாடு லெ மான் பேராலயத்தில் நடைபெற்றது.

பின்னர் நடந்த விசாரணை எந்த ஓட்டுநரையும் குற்றவாளியாக்கவில்லை. ஆயினும் குற்றம் யாருடையது என்னும் வழக்கு ஓயவில்லை. ஹாதார்ன் 1958-இல் வெளியிட்ட தம் நூலில் எழுதியது தம்மேல் பழியைத் திருப்புவதாகக் கருதிய மேக்ளின் வழக்குத் தொடுத்தார். தீர்ப்பு வருமுன், 1959 ஜனவரியில், ஹாதார்ன் இங்கிலாந்தின் பொதுச்சாலை ஒன்றில் கார் விபத்தில் மாண்டார். இந்த வழக்காடலில் எந்தப் பக்கமும் சேராத ஒருவர் உண்டென்றால் அவர் ஃபிட்ச். குற்றப்பட்டியலில் அவர் பெயர் எழுதப்படக் காரணமே இல்லை. அவர் காரில் இருக்கவில்லை. ஆனால் அது அவருடைய காரும்தான்.

இங்கேதான் நம் லாரி ஓட்டுநர் நினைவுக்கு வந்தார்.

விவிலியத்தில் இணைச்சட்ட நூலின் 19-ஆம் அதிகாரத்தை நம்மில் பலர் விரைந்து கடந்துவிடுகிறோம். ஒருவன் தன் அயலானோடு காட்டுக்கு விறகு வெட்டப் போகிறான். கோடரியை ஓங்குகையில் இரும்பு காம்பிலிருந்து கழன்று பறந்து அயலானைக் கொன்றுவிடுகிறது. முன்பகை ஏதும் இல்லை. அவன் கொலைகாரன் அல்லன் என்று திருச்சட்டம் தெளிவாகச் சொல்கிறது. சொல்லிவிட்டு, உன்மேல் குற்றமில்லை, வீட்டுக்குப் போ என்று அவனை அனுப்பிவிடுகிறதா? இல்லை. அடைக்கல நகர் ஒன்றைக் காட்டி, அங்கே ஓடு என்கிறது. எண்ணிக்கை நூல், தலைமைக் குரு இறக்கும்வரை அவன் அந்நகரிலேயே தங்கியிருக்க வேண்டும் என்றும் கூட்டிச் சொல்கிறது. பழிவாங்குவோனிடமிருந்து காப்பதற்கே இந்த ஏற்பாடு என்று நாம் படித்திருக்கிறோம், அது சரியே. ஆனால் அந்த லாரி ஓட்டுநரைப் பார்த்தபின் இப்பகுதியைப் படிக்கையில் வேறொன்றும் தோன்றுகிறது. பழிவாங்க எவரும் துரத்தாதபோதும் அம்மனிதன் ஓடத்தான் செய்வான். இரும்பு பறந்தது அவன் கையிலிருந்து. ஓடுகிறவனுக்குப் போய்ச் சேர ஓர் ஊரும், அங்கே இருக்க ஒரு காலவரையும், திரும்பி வர ஒரு நாளும் வேண்டும். அதே நூலின் 21-ஆம் அதிகாரத்தில், கொன்றவன் யாரெனத் தெரியாத ஒரு பிணம் வயல்வெளியில் கிடந்தால், அருகிலுள்ள ஊரின் பெரியோர் வந்து, தாங்கள் அந்த இரத்தத்தைச் சிந்தவில்லை என்று அறிக்கையிட்டே ஒரு சடங்கைச் செய்ய வேண்டும் என்றிருக்கிறது. செய்யாத குற்றத்துக்கும் அவர்கள் ஏதோ ஒன்று செய்ய வேண்டியிருந்தது.

தொடக்காலத் திருச்சபை இதை மறந்துவிடவில்லை. நான்காம் நூற்றாண்டின் புனித பெரிய பசிலியார், போரில் கொல்வதை நம் முன்னோர் கொலையாக எண்ணவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். ஆயினும் கைகள் தூய்மையாக இல்லாமையால், அவ்வீரர்கள் மூன்று ஆண்டுகள் நற்கருணையினின்று விலகியிருப்பது நலம் என்று அறிவுரை கூறுகிறார். 1066-இல் நடந்த ஹேஸ்டிங்ஸ் போருக்குப்பின் நார்மானிய ஆயர்கள், வென்ற படையின் வீரர்களுக்கே தவமுயற்சிகளை விதித்தார்கள். கொன்ற ஒவ்வொரு மனிதனுக்கும் ஓராண்டு. எத்தனை பேரைக் கொன்றோம் என்று அறியாதவன் வாழ்நாளெல்லாம் வாரத்துக்கு ஒரு நாள்; அல்லது இயலுமானால் ஒரு கோயிலைக் கட்டியோ அதற்கு நிலைத்த கொடை அளித்தோ அதை ஈடு செய்யலாம் என்றார்கள்.

இக்கால இறையியலாளர் சிலருக்கு இவை பழங்காலத்து இருண்ட உள்ளத்தின் எச்சங்களாகத் தோன்றலாம். நமக்கும் ஒரு காலத்தில் அப்படித் தோன்றியதுண்டு. இப்போது, மனிதரை நம்மிலும் நன்கு அறிந்தவர்களே இவற்றை விதித்தார்கள் என்று நினைக்கிறோம். போர்க்களத்திலிருந்து மீண்ட ஒருவன் முன், நீ நேரிய போரில் கடமையைச் செய்தாய், போய் உறங்கு என்று சொல்லுவது எளிது. உறக்கம் வராதபோது அவன் என்ன செய்வான்? அவனுக்குச் செய்வதற்கு ஏதாவது கொடுத்தார்கள் அந்த ஆயர்கள். அதைத் தண்டனை என்று மட்டும் படிப்பது அவர்களுக்கு நாம் இழைக்கும் அநீதி.

நம் ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவ மன்னிப்பு உண்டு, அதைத் தொடர்ந்து பரிகாரம் உண்டு. பாவமே இல்லாதவருக்கு மன்னிப்பு வழங்க இயலாது. இல்லாத பாவத்தை எப்படி மன்னிப்பது? ஆகவே பரிகாரமும் இல்லையென்று நாம் அனுப்பிவிடுகிறோம். ஆனால் நடந்துவிட்ட ஒன்றுக்கு ஈடாக ஏதேனும் செய்ய வேண்டுமென்று மனம் தவிப்பதற்குக் குற்றம் ஒரு நிபந்தனை அன்று. கடன் இருவகைப்படும் என்று தோன்றுகிறது. வாங்கியதால் வருவது ஒன்று. நாம் வாங்காவிட்டாலும், அந்த இடத்தில் நின்றோம், உயிரோடு திரும்பினோம் என்பதாலேயே நம்மேல் வந்து அமர்வது மற்றொன்று. முன்னதை வற்புறுத்தி வசூலிக்கலாம். பின்னதை யாரும் கேட்க முடியாது, கேட்பது கொடுமையுமாகும். அதைத் தானே உணர்ந்தவர் தாமே கொடுக்க வேண்டியதுதான்.

ஃபிட்ச் கொடுத்தது மணல்.

போர்க்காலத்தில் எதிரி விமானங்கள் தாழப் பறந்து சுடும்போது, தங்கள் கூடாரங்களைக் காக்க டின்களில் மணலை நிரப்பி அவரும் தோழர்களும் சுற்றிலும் அடுக்கிவைப்பார்களாம். குண்டுகளை மணல் விழுங்கிக்கொள்ளும். லெ மானுக்குப் பிந்திய ஆண்டுகளில் அவருடைய சிந்தை நெடுஞ்சாலைகளின்மீது திரும்பியது. பந்தயப் பாதையில் இறப்போர் சிலர். சாலைகளில் இறப்போர் எண்ணிலர். பாலத்தூணிலோ சாலை பிரியும் முனையிலோ மோதும் கார் ஒரே கணத்தில் நின்றுவிடுவதே உள்ளிருப்பவரைக் கொல்கிறது. அந்த ஒரு கணத்தைப் பல கணங்களாக நீட்டிவிட்டால்? எளிதில் உடையும் பிளாஸ்டிக் பீப்பாய்களில் மணலை நிரப்பி, தூணுக்கு முன்னே வரிசையாக வைத்தார். முன்வரிசையில் ஏறத்தாழ 90 கிலோ மணல்; பின்னே செல்லச் செல்லக் கூட்டிக்கொண்டே போய் இறுதி வரிசையில் 950 கிலோ வரை. மோதும் கார் முதல் பீப்பாயைச் சிதறடித்து வேகத்தில் ஒரு பங்கை அதனிடம் இழக்கிறது. அடுத்ததில் இன்னும் ஒரு பங்கு. தூணை அடையுமுன் நின்றுவிடுகிறது. கணக்கு பள்ளிக்கூடப் பௌதிகம்தான். பொருள் ஆற்றங்கரையில் கிடப்பதுதான்.

இதைச் சோதிக்கப் பொம்மையை வைத்து ஓட்டவில்லை அவர். தாமே காரில் அமர்ந்து, தாம் வைத்த பீப்பாய்களின்மேல் வேகமாக மோதிப் பார்த்தார், ஒருமுறை அன்று, மீண்டும் மீண்டும். மனைவி மக்கள் உள்ளவர் செய்யத்தக்க செயலா இது என்று கேட்கலாம். நமக்கும் தயக்கமுண்டு. ஆனால் பிறர் பிள்ளைகள் மோதப்போகும் இடத்தில் முதலில் தாம் மோதிப் பார்ப்பது என்னும் முறைமையில், நாம் சிலுவையடியில் கற்றுக்கொள்ளும் பாடத்தின் ஓரெழுத்தாவது இருப்பதாகத் தோன்றுகிறது.

1960-களின் இறுதியில் முதன்முதலாகச் சாலையில் வைக்கப்பட்ட அந்தப் பீப்பாய்கள் 17,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்திருப்பதாக ஒரு மதிப்பீடு சொல்கிறது. இவ்வெண்ணை எப்படி எடுத்துக்கொள்வது? 17,000-ஐ ஒரு தட்டிலும் 80-ஐ மறு தட்டிலும் வைத்து, கடன் தீர்ந்தது என்று கணக்கு முடிப்பார் இருக்கக்கூடும். அப்படித் தீராது. லெ மானில் இறந்த ஒருவரையும் மணல் எழுப்பவில்லை. மேலும், இறந்தவர்களுக்குப் பெயர் உண்டு. காக்கப்பட்டவர்களுக்குப் பெயர் இல்லை. மஞ்சள் பீப்பாயில் மோதி, காரிலிருந்து இறங்கி, சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, வண்டி பழுதாகிவிட்டதே என்று நொந்துகொண்டு வீடு போனவர், 1955-இல் ஒரு சனிக்கிழமை மாலையில் நடந்ததற்கும் தமக்கும் தொடர்புண்டு என்று அறியமாட்டார். அறியத் தேவையுமில்லை. தரும் கை தெரியாத அறத்தைப் பற்றி ஆண்டவர் மலைப்பொழிவில் சொன்னதற்கு இதைவிடப் பொருந்தும் காட்சியை நாம் அதிகம் கண்டதில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு, நம் மனத்தை உறுத்தும் ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. ஃபிட்ச் பந்தயத்தை விடவில்லை. அதே 1955 செப்டம்பரில் வட அயர்லாந்தின் டன்ட்ராடில் ஸ்டர்லிங் மாஸுடன் இணைந்து ஒரு பந்தயத்தில் வென்றார். அப்பந்தயத்திலும் மூன்று ஓட்டுநர்கள் மாண்டனர். சுவிட்சர்லாந்து லெ மானுக்குப்பின் பாதைப் பந்தயங்களையே பல பத்தாண்டுகள் தடைசெய்திருந்தது. நம் திருச்சபையின் குரலும் அந்நாள்களில் கடுமையாகவே ஒலித்தது. 1957-இல் இத்தாலியின் மில்லே மில்யா பந்தயத்தில் ஒரு ஃபெராரி கார் கூட்டத்துள் பாய்ந்து, ஐந்து குழந்தைகள் உட்பட ஒன்பது பார்வையாளர்கள் இறந்தனர். மறு ஆண்டு இத்தாலிய ஓட்டுநர் ஒருவர் மாண்டபோது, வத்திக்கானின் ஒசர்வாத்தோரே ரொமானோ நாளேடு, என்ஸோ ஃபெராரியைத் தன் பிள்ளைகளையே விழுங்கும் சாத்தூர்ன் என்னும் புராணத் தெய்வத்துக்கு ஒப்பிட்டது. அக்கண்டனத்தை இன்றும் தவறென்று சொல்ல நம்மால் இயலவில்லை. உயிர் இறைவனின் கொடை. கைதட்டலுக்காக அதைப் பணயம் வைப்பதை ஆதரிக்க அறநெறியில் இடம் காண்பது அரிது.

ஆனால் ஃபிட்ச் தேடியது கைதட்டலை மட்டுமா என்பதும் ஐயமே. தம் ஊரருகே லைம் ராக் என்னுமிடத்தில் 1957-இல் ஒரு பந்தயப் பாதை அமைந்தபோது, அதை வடிவமைத்தவர்களுள் ஒருவராக அவர் இருந்தார். ஓடுபாதை பிழையை மன்னிக்க வேண்டும், பார்வையாளர் எட்ட நிற்க வேண்டும் என்னும் எண்ணம் அதன் அமைப்பில் இருந்தது. (அப்பாதையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயம் கிடையாது. அக்கம்பக்கத்தாரும் எதிரிலிருந்த தேவாலயத்தாரும் தொடுத்த வழக்கில் 1959-இல் நீதிமன்றம் விதித்த தடை அது. இதைப் படித்தபோது ஒரு பங்குக் குருவுக்குரிய சிறு மகிழ்ச்சி நமக்கு ஏற்பட்டதை ஒப்புக்கொள்கிறோம்.) விட்டு விலகியிருந்தால் அவர் தம் மனத்தை ஆற்றியிருக்கலாம், அந்த உலகத்தினுள் இருந்ததால்தான் அதைத் திருத்த முடிந்தது. விலகுவதா, உள்ளிருந்து திருத்துவதா? இதற்குப் பொதுவிதி ஒன்றை எழுதித்தர நம்மால் முடியாது. லெ மானின் அந்த இரவில் விலகச் சொன்னவரும் அவரே; பின்னர் விலகாதிருந்தவரும் அவரே.

வேகத்தின்மீதிருந்த காதல் அவரைக் கடைசிவரை விடவில்லை. 2005-இல், தம் 87-ஆம் வயதில், ஐம்பது ஆண்டுகள் பழமையான மெர்சிடிஸ் ஒன்றில் யூட்டா மாநிலத்தின் உப்புப் பாலைவெளியில் வேகச் சாதனை ஒன்றை முயன்றார். எரிபொருள் பம்பின் கோளாறால் அது கைகூடவில்லை. வயதுக்கேற்ற வேலையா என்று நகைப்பவர் நகைக்கலாம். நமக்கு அதில், அரைநூற்றாண்டாகச் சுமந்த ஒன்று ஒரு மனிதனின் மகிழ்ச்சியை முற்றாகத் தின்றுவிடவில்லை என்னும் ஆறுதல் தெரிந்தது. 2012 அக்டோபர் 31 அன்று, புனிதர் அனைவர் பெருவிழாவுக்கு முந்திய நாளில், 95-ஆம் வயதில் அவர் கண்மூடினார். அன்புக் கணவர், மூன்று மக்களின் தந்தை, போர் வீரர், பந்தய ஆர்வலர் என்னும் நான்கு சொற்களில் அவரை எவரும் அடக்கிவிடலாம். நம் ஊர்க் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளும் இப்படித்தானே அச்சிடப்படுகின்றன.

சென்ற கல்லறைத் திருநாளுக்கும் நம் லாரி ஓட்டுநர் வந்தார். அதே பெயர், அதே வரிசையின் கடைசி. இம்முறை நாமே அவரைத் திண்ணையில் அமரச் செய்தோம். விளக்கம் எதுவும் சொல்லாமல், இந்தப் பந்தயக்காரரின் கதையை மட்டும் மெதுவாகச் சொன்னோம். மணல் பீப்பாயைப் பற்றிச் சொன்னபோது, ஓட்டுநருக்கே உரிய கூர்மையோடு, மழை பெய்தால் மணல் இறுகிவிடாதா என்று கேட்டார். குளிர்நாட்டில் உறைந்து இறுகாமலிருக்க உப்புக் கலப்பார்களாம் என்றோம். தலையசைத்துக்கொண்டார்.

நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அவரு அப்புறமும் வண்டி ஓட்டினாரா சாமி?" என்றார்.

"ஓட்டினார்."

"எத்தனை வருஷம் கழிச்சு?"

"அதே வருஷம்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து, குழந்தையின் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறோமா என்று குறிப்பேட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, "வரேன் சாமி" என்று இறங்கிப் போனார்.